ஆறாயிரம் கெல்வின் வெளிச்சம்

தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்தச் சந்தோஷத்தை ஒரு பொழுதாவது முழுதாக அனுபவிக்க விட்டாரா என் வீட்டுக்காரர்? ஆணையை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த தறிகளின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, பள்ளிக்கூடம் சிவகிரிக்கும் அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் அல்லவா இருக்கிறது, பொழுது அடைந்த பிறகு எப்படி வீடு வந்து சேர்வாய் என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அதுவரை சங்கரன்கோவிலுக்குள்ளேயே அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் நான். ஸ்கூட்டரில் போவேன், ஸ்கூட்டரில் வருவேன். வீட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றது, இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. வீட்டுக்காரருக்குத் தறி ஓட்டத் தெரியும், கார் ஓட்டத் தெரியாது. நான்தான் நாற்பத்தொன்பது வயதில் பிடிவாதமாகப் பழகி, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று பகல் நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருட்டில் ஓட்டிப் பழக்கமில்லை.

புதுப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரிலிருந்து சாயங்காலம் நாலேகாலுக்கு ஒரு பஸ். அதை விட்டால் எட்டு மணிக்கு. நாலேகால் பஸ்ஸைப் பிடிக்கிற தலைமை ஆசிரியையை நான் இதுவரை பார்த்ததில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கும். ஒவ்வொரு பட்டியலையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு நிமிரும்போது ஆறு மணி ஆகிவிடும். ஆக, கார்தான் என்று முடிவாயிற்று. வீட்டுக்காரர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"இங்க பாரு, எங்கயாவது ஒரு சின்ன உரசல்னாலும் சரி, அன்னைக்கே பதவி வேண்டாம்னு எழுதிக் கொடுத்துரணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். இருபத்தேழு வருஷம் காத்திருந்து வந்த பதவி. அந்த நாற்காலியில் உட்கார்வதற்காக அன்றைக்கு எதற்கு வேண்டுமானாலும் சம்மதம் என்று சொல்லியிருப்பேன்.

ஐப்பசிக் கடைசியில் பொறுப்பேற்றேன். ஆறேகாலுக்கே இருட்டிவிடும் காலம். பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பினால் முதலில் குளத்துக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலுக்குச் சரிகிற கரை. நடுவில் இரண்டு வளைவு. ஒரு தெருவிளக்கு கிடையாது. அதைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறிவிட்டால் கவலையில்லை, வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தக் கரையில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வரும். என் காரின் ஹெட்லைட் மீது இருந்த பிளாஸ்டிக் மூடி பழுத்து மஞ்சளாகிவிட்டது. உள்ளே பல்பு எரிகிறதா என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய நிலைமை.

இரண்டாவது வாரம் அந்தக் கரையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல், நட்ட நடுவில் நின்றது. கரும்புத் தோகை என் முன்கண்ணாடியில் படுகிற தூரத்தில் வண்டியை நிறுத்தினேன். டிராக்டர்க்காரன் பீடியைப் பற்றவைத்தபடி என்னை வேடிக்கை பார்த்தான். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே கடிதம் எழுதச் சொல்லுவார். பல்பை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் முழுக்க போனில் பல்பு பற்றிய வீடியோக்களாகப் பார்த்தேன். ஹாலோஜன் என்கிறான் ஒருவன், எல்.இ.டி. என்கிறான் இன்னொருவன். ஒவ்வொரு டப்பாவிலும் நம்பருக்குப் பக்கத்தில் கே என்று ஒரு எழுத்து. மூவாயிரம் கே, நாலாயிரத்து முந்நூறு கே, ஆறாயிரம் கே. நம்பர் கூடக்கூட வெளிச்சம் கூடும் என்று எடுத்துக்கொண்டேன். ஆறாயிரம் கே பல்பு இரண்டு ஹெட்லைட்டுக்கும், அதே நம்பரில், மூட்டத்துக்கென்று பம்பருக்குக் கீழே இருக்கும் ஃபாக் லைட்டுக்கும் வரவழைத்தேன். அந்தக் கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லுகிற அளவு, பிரகாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை ஒன்பதாம் வகுப்புப் பையன் சொல்லாமல் விட்டால் அவனை பெஞ்சில் ஏற்றி நிறுத்தியவள் நான். பல்பு வாங்கும்போது படித்தது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பல்புகளை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் ரோட்டில் ஷெட் போட்டிருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போனேன். கடையநல்லூர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வளைகுடாவில் பல வருஷம் கார் வேலை பார்த்துவிட்டு வந்தவர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் காரைப் பார்ப்போம் என்று பானெட்டைத் திறந்தார். பல்புக்குப் பின்னால் போகும் ஒயரை விரலால் தேய்த்து, பச்சை பூத்துப்போன முனையை எனக்குக் காட்டினார்.

பல்பில் குற்றமில்லை என்றார் அவர். பாட்டரியிலிருந்து புறப்படும் கரண்ட் பாதி வழியிலேயே செத்துப்போகிறதாம். ஒயரை மாற்றி, கரண்டை நேராக இழுத்துக் கொடுக்க இடையில் ஒரு ரிலே வைத்து, பழுத்த மூடியைத் தேய்த்து மெருகேற்றி, சாதாரண ஹாலோஜனில் நல்லதாக இரண்டு போட்டால் ரோடு பளிச்சென்று தெரியும் என்றார். உங்கள் ஹெட்லைட் ஹாலோஜனுக்காகச் செய்தது, அதற்குள் எல்.இ.டி.யைச் சொருகினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலு பக்கமும் சிதறும் என்றும் சொன்னார். ஃபாக் லைட்டுக்கு வெள்ளை வேண்டவே வேண்டாம் என்றார்.

எனக்கு எங்கே காது கேட்டது? மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வெறுத்துப்போயிருந்ததே. மறுபடி மஞ்சளா? நான் வாங்கி வந்ததைப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. போட்டுக் கொடுத்தார். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஹெட்லைட்டின் பின்பக்கம் குனிந்தபோது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கொஞ்சம் எறக்கி வைக்கேன் டீச்சர். இது எதிர்ல வாரவன் கண்ணுல அடிக்கும்."

"எறக்க வேண்டாம். ஏத்தி வைங்க. எனக்குத் தூரத்துல நிக்கிறது தெரியணும்."

அவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக் குரல் எனக்கு அப்படியே வெளியிலும் வந்துவிடும், அதை எதிர்த்து யாரும் லேசில் பேசிவிட மாட்டார்கள். ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் திருகி ஏற்றியே வைத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மறுநாள் சாயங்காலம் குளத்துக்கரை பட்டப்பகலாக இருந்தது. பனைமரத்தின் தலை தெரிந்தது. கரைச் சரிவில் முளைத்த எருக்கஞ்செடியில் இலை இலையாகத் தெரிந்தது. தூரத்தில் யாரோ ஒருவர் ஆடுகளை ஓரமாகப் பத்திக்கொண்டு வந்தார். தலையில் துண்டு, தோளில் கம்பு. நான் நெருங்கும்போது அவருடைய வலது கை நெற்றிக்கு உயர்ந்தது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய டீச்சரின் கார் என்று தெரிந்து வணக்கம் வைக்கிறார்! எங்கள் பக்கத்தில் கையை இப்படி நெற்றிக்குக் கொண்டுபோய்த்தான் மரியாதை சொல்லுவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது நான் எப்படிப் பதில் வணக்கம் வைப்பது? ஹைபீமை இரண்டு தடவை அடித்துக் காட்டினேன். வணக்கம், வணக்கம்.

அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஆட்டுக்காரர் கையைத் தூக்குவார், நான் இரண்டு தடவை லைட் அடிப்பேன். வயல் வேலை முடிந்து புல்லுக்கட்டோடு வரும் பெண்கள் கையைத் தூக்குவார்கள், அவர்களுக்கும் இரண்டு தடவை. எதிரே வரும் பைக்குக்காரர்கள் தங்கள் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் நம்மிடம்தான் படிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களுக்கும் அடித்தேன். வீட்டுக்காரரிடம் பெருமை தாங்காமல் சொன்னேன். ஊரே என்னைப் பார்த்து வணக்கம் வைக்கிறது, இந்தப் பதவியையா எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள்? அவர் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒனக்கென்ன ஏட்டி, கலெக்டரம்மா கணக்கா போற" என்றார். கேலிதான். எனக்கு அது கேலியாகவே படவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் மலைப்பக்கமிருந்து தூறல் இறங்கியது. மழை என்றால்கூட வைப்பர் போட்டுச் சமாளிக்கலாம். இது பொடித் தூறல், கூடவே குளத்திலிருந்து எழும்பிய மூட்டம். என் ஆறாயிரம் கே வெளிச்சம் அந்தத் தூறலில் பட்டு அப்படியே திரும்பி என் கண்ணுக்கே வந்தது. வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்ததுபோல் முன்னால் ஒரே வெள்ளை. ஃபாக் லைட்டையும் போட்டேன், வெள்ளை இன்னும் கூடியது. ரோட்டோரம் எங்கே முடிகிறது, கரை எங்கே சரிகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. பல்பு விற்றவனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே ஊர்ந்தேன். இரண்டாவது வளைவில் ஆட்டு மந்தை நிழலாகத் தெரிந்தது. மங்கலாக ஒரு கை உயர்ந்தது. அந்தத் தவிப்பிலும் நான் மரியாதை தவறவில்லை, இரண்டு தடவை லைட் அடித்துவிட்டுக் கடந்து போனேன்.

அதற்கு மறுநாளிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு உதவியாளர் வேலைக்கு வரவில்லை. அந்த அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். காலையில் அரிசி களைவது முதல் பாத்திரம் கழுவுவது வரை அவர்தான். ஒருநாள் பொறுத்தேன், மூன்று நாள் பொறுத்தேன். சமையல் செய்பவர் ஒற்றை ஆளாக அல்லாடினார். சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதென்றால் என்ன அர்த்தம்? ஒரு வாரம் ஆனதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வீடு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என்றார்கள். என்ன ஏது என்று கேட்டுவிட்டு வருவோம் என்று நாலரை மணிக்கு நானே நடந்து போனேன்.

வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன். வேலைக்கு வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா, நூறு பிள்ளைகள் சாப்பிடுகிற இடம் என்ற எண்ணம் வேண்டாமா, இப்படி இருந்தால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்த அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க டீச்சர், உக்காருங்க என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். உள்ளே கட்டிலில் அவருடைய வீட்டுக்காரர் வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டுடன் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கம்பும் தலைத்துண்டும் மாட்டியிருந்தன. அந்தத் துண்டை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

என்னாயிற்று என்று கேட்டேன். கட்டிலில் இருந்தவர்தான் சொன்னார். கோபமே இல்லாமல், ஆட்டுக்குச் சீக்கு வந்த கதையைச் சொல்லுவதுபோல் சொன்னார்.

"தெனமும் பொழுது அடையையில கரைமேல ஒரு வண்டி வரும் டீச்சர். வெள்ளை வெளேர்னு வெளிச்சம். கண்ணு கூசும்லா, கையை இப்படி மறைச்சுக்கிடுவேன். மறைச்சா இன்னும் ரெண்டு மட்டம் அடிச்சுக் காட்டிட்டுப் போவாவ. அன்னைக்குத் தூத்தல் வேற. ஆட்ட ஒதுக்குறேன்னு ஒரு எட்டு பின்னால வச்சேன். எதுல வைக்கேன்னே தெரியல. சரிவுல உருண்டுட்டேன்."

அவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நான் தினமும் பார்த்த அதே கை. ஆனால் வீட்டு வெளிச்சத்தில், இரண்டு முழத் தூரத்தில் பார்க்கும்போது, உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வணக்கம் வைக்கிற கை அப்படித் திரும்பாது. ரெண்டு மட்டம் என்றாரே, அந்த இரண்டு தடவையும் அடித்தது நான்தான். அந்த அக்கா அவரைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். அவர் பேச்சை நிறுத்தினார். வாசலில் நின்று நான் போட்ட சத்தம் தெருவெல்லாம் கேட்டிருக்கும். என் முகத்தில் ஈயாடியிருக்காது.

"அண்ணாச்சி, அது என் வண்டிதான்" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார் அவர்.

தெரியுமா? தெரிந்துமா ஒருத்தரும் சொல்லவில்லை? ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்டபோதும் என் குரலில் அதட்டல் இருந்தது, எனக்கே கேட்டது. அந்த அக்காதான் பதில் சொன்னார்.

"ஒங்ககிட்ட எப்படி டீச்சர் சொல்ல? ஒங்களுக்குக் கோவம் வந்துட்டுன்னா?"

அவருக்கு அந்த வேலை வேண்டும். என் கோபம் வேலையைத் தின்றுவிடும் என்று பயந்து, வீட்டுக்காரர் கால் ஒடிந்ததைக்கூடச் சொல்லாமல் ஒரு வாரம் வீட்டில் இருந்திருக்கிறார். சாயங்காலம் ஆட்டை அவர்தான் பத்துகிறாராம், காலையில் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறாராம், நாளைக்கே வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று என்னைச் சமாதானம் செய்தார். நான் அவரைச் சமாதானம் செய்ய வேண்டிய நேரம் அது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். இருபத்தேழு வருஷம் பாடம் நடத்திய வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை எழுந்து வர அவ்வளவு நேரம் எடுத்தது. வெட்கமாக இருந்தது. அவர்கள் கொடுத்த காப்பியைக் குடிக்க முடியவில்லை, குடிக்காமல் எழுந்திருக்கவும் முடியவில்லை.

அன்றைக்குக் கரையில் லைட்டை டிம்மில் வைத்து மாட்டுவண்டி வேகத்தில் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டேன். காரில் உட்காருங்கள், நான் சொல்லும்போது இந்த லிவரை இழுங்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தெருவில் முப்பது எட்டு நடந்து போய்த் திரும்பி நின்றேன். போடுங்க என்றேன். போட்டார்.

கண்ணுக்குள் ஊசி ஏறியது. என்னைக் கேட்காமலே என் வலது கை நெற்றிக்குப் போய்விட்டது, உள்ளங்கை வெளியே திரும்பி. தெருவும் தெரியவில்லை, என் காலும் தெரியவில்லை. இரண்டு தடவை அடியுங்கள் என்று கத்தினேன். அடித்தார். அப்படியே நின்றுகொண்டு அழுதேன். அவர் இறங்கி ஓடி வந்து என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், டிராக்டர் கதையையும் சேர்த்து. உரசல் என்று சொன்னீர்களே, ஒரு மனுஷன் காலையே ஒடித்துவிட்டேன், எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அந்த வார்த்தைக்காக இத்தனை நாள் காத்திருந்த மனுஷன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல பல்ப மாத்து. பெறவு எழுது" என்றார்.

சனிக்கிழமை ராஜபாளையம் ரோட்டு ஷெட்டுக்குப் போனேன். எலக்ட்ரீஷியனிடம் நடந்ததைச் சொன்னேன். அப்பவே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அந்த ஆட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். அல்லா லேசாக்கி வைக்கட்டும் என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார்.

அன்றைக்கு முழுக்க அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் பல்புகள் நாலையும் கழற்றினார். பச்சை பூத்த ஒயரை மாற்றினார். மூடியை ஈர உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மெருகு போட்டபோது அது கண்ணாடியாகிவிட்டது. புது ஹாலோஜன் பல்பை ஒரு சுத்தமான துணியால் பிடித்துத்தான் டப்பாவிலிருந்து எடுத்தார். விரல் எண்ணெய் பட்டால் அந்த இடம் சூடேறிச் சீக்கிரம் போய்விடுமாம். ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கண் பெரிது ஒரு கண் சிறிதாகத் தெரியும் என்றார். ஃபாக் லைட்டுக்கு மஞ்சள். அது ரோட்டை ஒட்டித் தாழ்வாக விரிந்தால் போதும், தூறலுக்கும் மூட்டத்துக்கும் மட்டும் போட வேண்டும், வானம் தெளிவாக இருக்கும்போது அணைத்துவிட வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் காரைச் சுவருக்கு நேரே நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே வரும்வரை ஸ்க்ரூவைத் திருகினார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அவர் சொல்லாமலே காருக்கு முன்னால் முப்பது எட்டு தள்ளிப் போய் நின்றேன். லைட் எரிந்தது. என் இடுப்புக்குக் கீழே புடவை வெளிச்சமாக இருந்தது. முகத்தில் அடிக்கவில்லை. கையைத் தூக்கத் தோன்றவில்லை.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கண்டிஷன் என்றால் கண்டிஷன்தானே. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினேன். சொந்தக் காரணங்களால் இந்தப் பொறுப்பில் தொடர இயலவில்லை, பழைய பணிக்கே அனுப்புமாறு வேண்டுகிறேன். வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார், திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமைக்குள் மிச்சம் மீதி வேலைகளை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் கல்வி ஆபீசில் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அந்த நாலு நாளும் சத்துணவு அக்கா வேலைக்கு வந்தார். என்னைப் பார்த்தால் சிரித்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமையும் தூறல். ஆறேகாலுக்குக் கிளம்பினேன். இந்த ரோட்டில் நான் கடைசியாக ஓட்டுகிற நாள் என்று நினைத்துக்கொண்டேன். ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, மஞ்சள் ஃபாக் லைட்டையும் போட்டிருந்தேன். முன்புபோல் பனைமரத்தின் தலையெல்லாம் தெரியவில்லை. ரோட்டின் இரண்டு ஓரமும், கரை சரிகிற இடமும் புல் வரையில் தெரிந்தன. முதல் வளைவு தாண்டியதும் எதிரே மந்தை. வயலிலிருந்து ஏறிக் குறுக்கே குளத்துப் பக்கம் போக வேண்டிய ஆடுகள். பின்னால் தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அந்த அக்கா நின்றார். நான் உடனே வண்டியை நிறுத்தினேன். எல்லா லைட்டையும் அணைத்தேன், எஞ்சினையும் நிறுத்தினேன். கரை முழுக்க இருட்டாயிற்று. ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு, டீச்சரா?" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது.

"ஆமாக்கா. நீங்க கடந்து போங்க. நான் நிக்கேன்."

"ஏன் லைட்ட அமத்திட்டிய?"

"ஒங்க கண்ணு கூசக் கூடாதுல்லா."

இருட்டுக்குள் அந்த அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இது கூசலியே டீச்சர். போடுங்க. எங்களுக்கும் பாதை தெரியணும்லா."

போட்டேன். ஈர ரோட்டில் மஞ்சள் வெளிச்சம் தாழ்வாக விரிந்தது. முதல் ஆடு தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தது. அதன் பின்னால் மற்றவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கால் வைக்கிற இடம் பார்த்து இறங்கிப் போயின. கடைசியில் ஒரு குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த அக்கா வந்தார். என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். மழைத்தண்ணீர் சாக்கிலிருந்து அவர் தோளில் சொட்டியது. அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அடுத்த மாதம் கட்டைப் பிரித்துவிடுவார்களாம், அதுவரைக்கும் சாயங்காலம் இந்தக் கரையில் ஆட்டோடு அவர்தான்.

"நாளைக்கும் இந்த நேரந்தான வருவிய டீச்சர்?" என்று கேட்டார். "வந்தீயன்னா ஒங்க வெளிச்சத்துல கடத்திக்கிடுவேன். இங்கன வேற லைட்டு கெடையாது."

நாளைக் காலையில் கொடுக்க வேண்டிய கடிதம் என் கைப்பையில் இருந்தது. அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். கக்கத்திலிருந்த குட்டி கத்தியது.

"வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.